மேடை ஏறிய மௌன விரதம்

வருகிற அமாவாசையன்று பொழுது விடிந்ததிலிருந்து சாயும் வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பக்தியினால் அல்ல. பயத்தினால்.

ஓரிக்கை தாண்டி ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மழை எப்போது பெய்யும், காய்ச்சல் எப்படிப் பரவும் என்று எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற இடம். மாதம் தவறாமல் பொதுமக்களுக்குப் பேச்சு, மாணவர்களுக்குப் பட்டறை என்று ஏதாவது நடத்துவார்கள். அங்கிருந்து சத்யப்ரியா என்ற பெண் எங்கள் வீட்டுக்கு வந்தது. தறிக்கு மேலே தொங்குகிற ஜக்கார்டு அட்டைகளை அண்ணாந்து பார்த்தது. சேலையில் எந்த இடத்தில் எந்த நூல் எழும்ப வேண்டும் என்பதை ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைத்திருக்கும் அட்டைகள் அவை.

“ஐயா, கம்ப்யூட்டருக்கே இதுதான் முன்னோடி. எங்க மேடையில வந்து அரை மணி நேரம் பேசணும் நீங்க.”

மேடை என்றதுமே தறிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நெசவாளர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை நன்றி சொல்ல எழுப்பி விட்டார்கள். நன்றி என்ற சொல்லே வரவில்லை. கும்பிட்டபடியே நின்றேன். தேர்தலில் நிற்கிறேன் என்று நினைத்து ஒருவர் மாலை வாங்கப் போய்விட்டார்.

“தறியை விட்டுட்டு வர முடியாதும்மா. பாவு நூல் பாதியில நிக்குது” என்றேன்.

என் மனைவி தில்லையம்மாள் காபியோடு வந்தாள்.

“அமாவாசைக்கு வெச்சிக்கோம்மா. அன்னிக்கு எங்க தெருவுல ஒரு தறியும் ஓடாது. இவரு சும்மாதான் உக்காந்துக்கினு இருப்பாரு.”

போயிற்று. எனக்கிருந்த ஒரே சாக்கையும் காபியோடு சேர்த்து ஆற்றிக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தெருவில் மைக் சத்தம் கேட்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். புடலங்காய் விற்கிற வண்டியாக இருந்தாலும் சரி. கடைசியில் கோயிலுக்குப் போய் நெடுநேரம் நின்றேன். யோசனை பிறந்தது.

“தில்லை, சாமிக்கு வேண்டிக்கினேன். அமாவாசைக்கு மௌன விரதம்.”

“அன்னிக்கா? கூட்டம் இருக்குதே!”

“இன்னா பண்றது? வேண்டிக்கினது வேண்டிக்கினதுதான்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சரி. சாமி காரியம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு உங்க பேரு போட்டு நோட்டீஸ் அடிச்சிட்டுது. நீங்க வாய மூடிக்கினு மேடையில உக்காருங்க. நான் பேசறேன்.”

“நீயா? அட்டை கோக்கறது நானாச்சே?”

“பக்கத்துல இருந்து பாக்கறது யாரு? நானாச்சே.”

அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அமாவாசை வந்தது. அந்த அரங்கம் மீனை வைக்கிற ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. எதிரே வரிசை வரிசையாக லேப்டாப். ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு கண். அத்தனை கண்ணும் என் மேல். விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. ஐயாவுக்கு இன்று மௌன விரதம் என்று சத்யப்ரியா அறிவித்ததும்தான் மூச்சு வந்தது.

தில்லையம்மாள் மைக்கைப் பிடித்தாள், கரண்டியைப் பிடிப்பது மாதிரி.

“எல்லாருக்கும் வணக்கம்பா. அட்டையில ஓட்டை இருக்குதே, அந்த இடத்துல நூல் எழும்பாது. ஓட்டை இல்லாத இடத்துலதான் எழும்பும்.”

தலைகீழ்! நேர் தலைகீழ்! நாற்காலிக் கையை இறுகப் பிடித்தேன். எதிரே அத்தனை பேரும் அதை டக்டக்கென்று தட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஒருவாட்டி மிதிச்சா நாலு அட்டை சேந்து திரும்பும்.”

ஒன்று! ஒரு மிதிக்கு ஒரே அட்டை! இருமினேன். செருமினேன். அவள் திரும்பவே இல்லை. டக்டக் நிற்கவும் இல்லை. தப்புக் கணக்கு கண்ணெதிரே ஏறுகிறது. விரதமா, கணக்கா? பல்லைக் கடித்தேன்.

ஒரு மாணவி எழுந்து கேட்டாள். “அம்மா, அட்டைங்களோட வரிசை மாறிட்டா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆவாது கண்ணு. முன்னாடி இருக்கறத பின்னாடி போடு, பின்னாடி இருக்கறத முன்னாடி போடு. எங்க வூட்டுக்காரரு அப்படித்தான். கைக்கு வந்தத எடுத்துக் கோத்துடுவாரு.”

நானா? கோத்ததை எண்ணி, எண்ணியதைத் திருப்பி எண்ணி, அப்புறமும் சந்தேகத்தில் தூங்காத நானா?

“பொய்!”

அரங்கம் அதிர்ந்தது. மைக் எப்படியோ என் கையில் இருந்தது.

“எல்லாத்தையும் அழிங்கப்பா! ஓட்டை இருந்தாத்தான் நூல் எழும்பும்! ஒரு மிதிக்கு ஒரு அட்டை! வரிசை மாறினா சேலையில நெய்யற அன்னப்பட்சிக்குக் கழுத்து ஒரு பக்கம் போவும், தலை ஒரு பக்கம் போவும்! பலகை எங்க? சாக்பீஸ் எங்க?”

வரைந்தேன். விளக்கினேன். முன்வரிசையில் ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்டேன். அவர் அந்த நிலையத்தின் இயக்குநர் என்று பிறகுதான் தெரிந்தது. நேரம் முடிந்தது என்று சத்யப்ரியா மூன்றாம் முறை வந்து சொன்னபோதுதான் நிறுத்தினேன். கைதட்டல். அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தேன். அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டேன். இருவர் தாங்கி வந்து காரில் ஏற்றினார்கள்.

“விரதம் போச்சே தில்லை. சாமி குத்தம் ஆயிடுமே.”

“எந்த சாமிகிட்ட வேண்டினீங்க? பேரச் சொல்லுங்க, நான் போய் மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இத்தினி வருசம் பக்கத்துலயே இருக்கே. ஓட்டை இருந்தா நூல் எழும்பும்னு கூடவா உனக்குத் தெரியாது?”

“தெரியாம இன்னா? ஆனா நான் சரியா சொல்லியிருந்தா நீங்க எழும்பியிருப்பீங்களா?”

வேட்டியில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டேன். அவள் என் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

“வர்ற அமாவாசைக்கு ரெண்டு மணி நேரம் பேசணுமாம், ஒத்துக்கினேன். மறக்காம மௌன விரதம் இருந்துடுங்க.”