ஐவர் குழுவின் நிறைகுறை

"கொஞ்சம் பலத்துச் சொல்லுங்க அத்தான், ஒண்டும் விளங்குதில்ல."

கனடாவிலிருந்து மத்தேயு கத்தினான். செங்கலடிச் சந்தியில், கனகசிங்கத்தின் கொமினிக்கேஷன் என்ற தொலைபேசிக் கடைக்குள், ஹெக்டர் மாஸ்டர் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். அவர் நின்ற கூண்டுக்குக் கதவு இருந்தது, கொளுக்கி இல்லை. கையை எடுத்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். வெளியே வாங்குப் பலகையில் ஏழெட்டுப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

ஹெக்டர் பக்கத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். மத்தேயு அவருடைய மனைவி எமிலியின் தம்பி. ரொறன்ரோவில் கம்ப்யூட்டர் விளையாட்டுச் செய்யும் கம்பனியில் வேலை. அதிசய சக்தி கொண்ட ஐந்து வீரர்கள் குழுவாகச் சேர்ந்து ஊரைக் காக்கிற விளையாட்டொன்றைச் செய்துகொண்டிருந்தான். முடிப்பதற்கு முன் ஒரு சீடியை அத்தானுக்கு அனுப்பி, விளையாடிப் பார்த்து நல்லது கெட்டது இரண்டையும் சொல்லும்படி கேட்டிருந்தான். அன்று அவனுக்குப் பெரியவர்களோடு கூட்டம். விளையாட்டைத் திருத்த வழி சொல்லாவிட்டால் வேலை போய்விடும். பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கைத்தொலைபேசி இணைப்புகளை அந்த வாரம் முழுக்க வெட்டியிருந்தார்கள். "எண்ட தம்பிட வாழ்க்கை, விளையாட்டா நினைச்சிராதீங்க" என்று எமிலி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஹெக்டர் எதையும் விளையாட்டாக நினைக்கிற ஆள் இல்லை. விடைத்தாள் திருத்துவது போல அதை ஆராய்ந்து வைத்திருந்தார்.

"முதல்ல நல்லதைச் சொல்றன்," என்று குரலை உயர்த்தினார். "குழு நல்ல குழு. அஞ்சு பேருக்கும் அஞ்சு திறமை. நெருப்புக்காரன் ஒருக்கா ஊதினானெண்டால் பாலமே பத்தி எரியுது. ஒளியிறவன் சென்றிக்குப் பக்கத்தால போனாலும் ஆருக்கும் தெரியாது."

கடைக்குள் பேச்சு நின்றது. சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கனகசிங்கத்தின் விரல்களும் நின்றன.

பாலம், சென்றி, குழு. இராணுவக் காவலரண்களும் ஆயுதக் குழுக்களும் நிறைந்த அந்தப் போர் நாட்களில், மட்டக்களப்பில் மனிதர்கள் வீட்டுக்குள்ளேயே சொல்லத் தயங்கிய மூன்று சொற்கள். அதை இப்போதுதான் ஹெக்டர் உணர்ந்தார். கதவை விட்டுவிட்டு வெளியே தலையை நீட்டினார்.

"பயப்படாதீங்க, இது சும்மா கம்ப்யூட்டர் விளையாட்டு," என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வாங்கின் ஓரத்தில் இருந்த சீதேவிப்பிள்ளை என்ற முதிய பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்களுக்கு ஒண்டும் கேக்கல்ல மனே. எனக்குக் காதும் மந்தம்."

ஹெக்டர் கூண்டுக்குள் திரும்பினார். பெயர்களை மாற்றிச் சொன்னால் தப்பலாம் என்று தோன்றியது.

"மச்சான், இனிக் கவனமாக் கேள். கத்தரிக்காய் இருக்கெல்லோ..."

"என்ன காய்?"

"கத்தரிக்காய்."

"ஆர் அத்தான் கத்தரிக்காய்?"

"தலைவன்டா," என்று ஹெக்டர் கத்திவிட்டார்.

வாங்கிலிருந்து இரண்டு பேர் எழுந்து, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போனார்கள். சந்தியில் மரக்கறி விற்கிற ஒருவர் மட்டும் போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் தன் கூடையைப் பார்த்தார்.

இனிச் சுருக்கமாக முடிப்பதுதான் புத்தி. ஆனால் குறைகளைச் சொல்லாமல் வைத்தால் மத்தேயுவின் வேலை போய்விடும். ஹெக்டர் மூச்சை இழுத்துக்கொண்டு கடகடவென்று சொன்னார்.

"கத்தரிக்காய்க்கு முன்னுக்குப் பாயத்தான் தெரியும். பின்னால ஆர் செத்தாலும் திரும்பிப் பாக்கிறானில்ல. மிளகாய்க்கு எதிரி ஆர், சொந்த ஆள் ஆர் எண்டு தெரியாது, எல்லாருக்கும் சுடுறான். ஊரைக் காப்பாத்த எண்டு வந்து ஊர்ச் சனத்திட வீட்டைத்தான் உடைக்கிறாங்க. எதிரி வராத நேரம் தங்களுக்குள்ள அடிபடுறாங்க."

"ஐயோ, அப்ப குழுவை என்ன செய்யிறது?"

"ஒண்டில் தலைவனை மாத்து. இல்லாட்டி எல்லாரையும் அழிச்சுப்போட்டு முதல்ல இருந்து துவங்கு."

தொடர்பு அறுந்தது. திரும்பிப் பார்த்தால் கனகசிங்கம் வயரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"கடை பூட்டப் போறன் சேர்."

"கணக்கு எவ்வளவு?"

"ஒண்டும் வேணாம். நீங்க இஞ்ச வரவும் இல்ல, நான் உங்களைக் காணவும் இல்ல."

ஹெக்டர் பஸ்ஸில் ஏறியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெயர்களைப் பார்த்துச் சொல்வதற்காக அந்தச் சீடியையும் கொண்டு வந்திருந்தார். அதன் உறையில் முகமூடி போட்ட ஐந்து பேர் கைமுட்டியை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். வழியில் சோதனைச் சாவடி இருந்தது. யோசித்துப் பார்த்து, அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கடையில் கடைசிவரை எழும்பாமல் இருந்தவன் அவன்தான்.

"நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன் சேர்," என்றான் மெதுவாக. "கம்ப்யூட்டர் விளையாட்டுத்தானே?"

ஹெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓம் தம்பி, ஓம். நீராவது விளங்கிக்கொண்டீர்."

சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தால், காய்ந்த சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவில் ஐந்து முகமூடிகள்.

"இது யாரு?"

"குழு" என்ற சொல் மட்டும் ஹெக்டரின் வாயிலிருந்து வரப் பார்த்தது, விழுங்கினார்.

"சாப்பாடுப் பெட்டில ஏன் வைக்கிறது?"

அப்போது இளைஞன் முன்னால் வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னான். சிப்பாய் சீடியைத் திருப்பிப் பார்த்தான். ஹெக்டரின் நரைத்த தலையைப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். பெட்டியைத் தானே மூடிக் கையில் கொடுத்தான்.

"என்ன தம்பி சொன்னீர்?"

"இந்த வயசில விளையாட்டுப் பைத்தியம், மனிசிக்கு ஒளிச்சுக் கொண்டு திரியிறார் எண்டன்."

ஹெக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உயிரைக் காப்பாற்றியவனுக்கு என்ன கைமாறு செய்வது? பஸ் மீண்டும் புறப்பட்டபோது அவனே வழிகாட்டினான்.

"அந்தக் குறையளை இன்னொருக்காச் சொல்லுங்க சேர். அறிய ஆசையா இருக்கு."

ஹெக்டர் கேட்டவுடன் கொட்டினார். இத்தனை நேரம் அடக்கிவைத்த பயமெல்லாம் பேச்சாக வந்தது. தலைவன் கட்டளை போடுகிறான், ஆனால் அது மற்றவர்கள் காதில் விழுவதில்லை. ஒளிகிறவன் தேவையான நேரத்தில் மட்டும் ஒளிந்துவிடுகிறான். ஆயுதத்தை எங்கே வைத்தார்கள் என்று அவர்களுக்கே மறந்துபோகிறது. ஒருமுறை பின்வாங்கினால் ஐந்து பேரும் ஐந்து பக்கம் ஓடுகிறார்கள். இளைஞன் தலையைக் குனிந்து கேட்டான். இடையிடையே பெருமூச்சு விட்டான்.

"இதெல்லாம் வெளிநாட்டில இருக்கிறவருக்குத் தெரியுமோ?"

"தெரியாமலோ? காசு போடுற பெரியாக்களிட்ட இண்டைக்கே சொல்லப்போறான்."

இளைஞன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

நாவற்குடாவில் ஹெக்டர் இறங்கினார். அவனும் இறங்கினான். வெயில் தாழ்ந்திருந்தது, வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஆளரவம் இல்லை. ஹெக்டருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"வீட்ட வாரும் தம்பி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். மனிசியும் சந்தோசப்படுவா."

அவன் வெட்கப்பட்டவன் போல நின்றான். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு கிட்ட வந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டான்:

"நீங்க சொன்ன குறையெல்லாம் சரிதான் சேர், ஒண்டும் பிழையில்ல, எங்கட குழுவுக்குள்ள இருந்து இதையெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்னது?"