தீவுக்குப் போகாத சீனி மூட்டை

உதவி செய்யப் புறப்பட்ட எங்கள் ஆளைத் தடுப்பது கஷ்டம். அவன் கையில் ஒலிவாங்கியும் இருந்துவிட்டால் ஆண்டவனாலும் முடியாது. ஊராரைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. பாரிசில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, லா ஷப்பலில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நானே செய்து காட்டியிருக்கிறேன்.

என் மனைவி வதனிக்கு எபினேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே பயிற்சிக்கு வந்திருந்தவர் ரோசின். பசிபிக் கடலில் வனுவாட்டு என்றொரு நாடு இருக்கிறதே, அந்த ஊர் நர்ஸ். அதில் ஒரு குட்டித் தீவின் டிஸ்பென்சரியைத் தனி ஆளாகப் பார்த்துவந்தவர். இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டு. ஒருநாள் வேலையால் வந்த வதனி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, ரோசின் அடுத்த மாசம் ஊருக்குப் போறா. புயலடிச்சு அவவின்ர டிஸ்பென்சரி வெறுமையாக் கிடக்காம். அங்கை சனத்துக்குச் சீனி வருத்தம் கூடவாம். சோதிக்கப் பாந்தலெத் இல்லை. கால்ல புண் முத்தின பிறகுதான் தெரியவருதாம். படகில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்குள்ள காலையே எடுக்கவேண்டி வருதாம். உங்கட சங்கத்தால..."

(சீனி வருத்தம் என்றால் நீரிழிவு. பாந்தலெத் என்பது விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் தொட்டுச் சீனி பார்க்கிற சின்னப் பட்டி.)

"என்ன, புயலோ?" என்றேன். அவள் சொன்னதில் எனக்குள் இறங்கியது அது ஒன்றுதான்.

"புயல் கிடக்கட்டும், நான் சொல்லுறது..."

"விளங்கிட்டுது. இனி நான் பாக்கிறன். நீர் பேசாமல் இரும்."

எனக்கு விளங்கியது இதுதான்: புயல் என்றால் நிவாரணம். போரில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் படுத்துக் கிடந்த ஆட்கள் நாங்கள். நிவாரணம் என்றால் அரிசி, மா, சீனி, டின்மீன் என்று எங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. சங்கத்துப் பொருளாளர் குணம் அண்ணைக்கு ரூ பெர்தொனே என்ற தெருவில் பலசரக்குக் கடை. அவர் ஒரு மூட்டை சீனியைத் தூக்கித் தந்து தொடங்கிவைத்தார். பிறகு சனம் விட்டதா? அரிசி, நூடில்ஸ், டின்மீன், டின்பால், கிறீம் பிஸ்கட், கலர் கலராய்ச் சர்பத்துப் போத்தல். ஒரு வாரத்தில் ஒரு கப்பலுக்குக் காணும்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப மேடையில் அத்தனையையும் அடுக்கி, உச்சியில் சீனி மூட்டைக்குச் சிவப்பு நாடா கட்டி, பின்னால் 'பசிபிக் சொந்தங்களுக்கு' என்று பதாகை தொங்கவிட்டோம். ரோசினுக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினேன். பாவம், அந்தப் பெண் வெட்கத்தில் நெளிந்தார். மொழிபெயர்ப்பும் நானேதான். (என் பிரெஞ்சில் எனக்கு இருந்த நம்பிக்கை பிரெஞ்சுக்காரருக்குக்கூட இருந்திராது.)

ரோசின் மெல்லப் பேசினார். "எங்களுக்கு அடிக்கடி புயல் வரும். தோட்டத்துக் கிழங்கெல்லாம் அழிந்துபோகும். பிறகு கப்பல் வரும். அரிசி, நூடில்ஸ், டின்மீன், சீனி கொண்டுவரும். கிழங்கு திரும்ப வளர்வதற்குள் சனம் டின்னுக்குப் பழகிவிடும்."

எனக்கு முதுகு வியர்த்தது. என் முதுகுக்குப் பின்னால்தான் அந்த மலை நின்றது.

"புயலுக்குப் பிறகு கப்பல் வந்ததாம்," என்று அறிவித்தேன். "சனத்துக்குச் சரியான சந்தோசமாம்."

கைதட்டல். ரோசின் கொஞ்சம் திகைத்துவிட்டுத் தொடர்ந்தார். "பிறகு சீனி வருத்தம் வரும். காலில் சின்னப் புண் இருக்கும், நோகாது. நான் கண்டுபிடிக்கும்போது நேரம் கடந்திருக்கும். என் பக்கத்து வீட்டு மனிதருக்குக் கூட ஒரு காலை எடுத்துவிட்டார்கள்."

"எங்கட உதவியால அந்தச் சனம் இனிச் சொந்தக் கால்ல நிக்குமாம்!"

மண்டபம் அதிர்ந்தது. கால் போன கதைக்கு ஏன் இப்படிக் கைதட்டுகிறார்கள் என்று ரோசின் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும்.

முன்வரிசையில் வதனி எழும்பினாள்.

"பொய்! இந்தாள் சொல்லுறது முழுப் பொய்!" என்று தொடங்கி, ரோசின் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். பிறகு மேடையைக் காட்டினாள். "அவ கேட்டது சீனி பாக்கிற பட்டி. இவர் சேர்த்து வச்சிருக்கிறது சீனி!"

வதனி அதை ரோசினுக்கும் பிரெஞ்சில் சொன்னாள். குணம் அண்ணை தன் மூட்டையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். ரோசின் மட்டும் என் கையைப் பிடித்து, "பசி கண்ட ஆட்கள்தான் இப்படிச் சாப்பாடு அனுப்புவார்கள். எனக்குத் தெரியும்," என்றார்.

பிறகு சபையிடம் அவர் கேட்டதை வதனி தமிழில் கேட்டாள். "இஞ்சை ஆருக்கெல்லாம் சீனி வருத்தம்? கையைத் தூக்குங்கோ."

ஒரு கை எழும்பவில்லை. எங்களில் யார் ஒப்புக்கொள்வார்? கலியாணத்துக்குப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் காதும் காதும் வைத்தமாதிரி மருந்து எடுப்பார்கள். மானம் போன தலைவராகிய நான் வீரம் காட்டினேன். "என்னைச் சோதிக்கட்டும். எனக்கொண்டும் இல்லை."

ரோசின் கைப்பையிலிருந்து சீனி பார்க்கிற மெஷினை எடுத்து, மிச்சமிருந்த சில பட்டிகளில் ஒன்றை என்மேல் செலவழித்தார். இலக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் இலக்கத்தைப் பார்த்தார்.

"இப்பதான் கேசரி சாப்பிட்டனான்," என்றேன்.

"காலைக் காட்டட்டுமாம்," என்றாள் வதனி. அவள் குரல் மாறியிருந்தது.

அத்தனை சனத்துக்கு முன்னால், மேடைக் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையில் ஓட்டை. (அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.) விழாவுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து குதிக்காலைத் தின்று, காலுறை இரத்தத்தில் ஊறியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நோகவேயில்லை. ரோசின் முழந்தாளிட்டுப் புண்ணைத் துடைத்துக் கட்டினார். வதனி அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். அடுத்தநாள் ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம்தான் என்று சொன்னார்கள். கால் தப்பியது.

அரிசியும் டின்னும் சீனி மூட்டையும் குணம் அண்ணையின் கடைக்குத் திரும்பிப் போயின. பட்டிக்கு என்ன செய்வது என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டு மணி அடித்தது. சங்கத்துச் செயலாளர். சட்டைக்குள்ளிருந்து ஒரு பையை எடுத்தார். "பட்டியும் மெஷினும். என்ர இல்லை, தெரிஞ்ச ஒராளின்ர," என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். அந்த வாரம் முழுக்க மணி ஓயவில்லை. எல்லாம் தெரிஞ்ச ஒராளின்ர! கடைசியில் குணம் அண்ணையும் வந்தார். அவருக்குத் தெரிந்த ஆட்கள் அதிகம்போல, பெரிய பெட்டி. ரோசின் உடுப்புகளில் பாதியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத்தான் அத்தனையையும் கொண்டுபோனார்.

இப்போது நான் தேத்தண்ணிக்குச் சீனியைத் தொட்டால், "அதைத் தீவுக்கு அனுப்புங்கோ," என்று வீட்டில் எல்லோரும் கத்துவார்கள். அதைத் தாங்கலாம். சனிக்கிழமைதான் கஷ்டம். எங்களுக்கு விடியும்போது அங்கே பொழுதுபடும். ரோசின் வீடியோவில் அழைப்பார். "பப்பா, லே பியே!" என்று என் மகள் காலைக் காட்டச் சொல்லிப் பிரெஞ்சில் சத்தம் போடுவாள். நான் இரண்டு காலையும் தூக்கித் தொலைபேசிக்குக் காட்டவேண்டும். டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் காத்திருக்கிற சனமும் எட்டிப் பார்த்துச் சிரிக்கும். போன கிழமை ஒரு மனிதர் தொலைபேசியை வாங்கிக் கிட்டப் பிடித்து, என் உள்ளங்கால்களை மாறி மாறிக் கவனமாகப் பார்த்தார்.

"அவர்தான் ரோசினின்ர பக்கத்து வீட்டுக்காரர்," என்றாள் வதனி.

நான் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.