பல் கிளிப்புக்கும் ஆயுத பூஜை

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு சாயங்காலம் நான் அம்மனாக இருந்திருக்கிறேன். விரும்பி ஏற்ற பதவி இல்லை. எல்லாம் ஒரு பல் கிளிப்பால் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு. என் மேல்வரிசைப் பற்கள் எனக்கு முன்னால் வகுப்புக்குள் நுழைந்துவிடும். பள்ளியில் எனக்குப் பெயர் தேங்காய்த் துருவி. (வீட்டில் நிஜமான தேங்காய்த் துருவி வேண்டுமென்றால்கூட அம்மா "அதை எடு" என்றுதான் சொல்வாள். அவ்வளவு நல்ல மனசு.) பட்டணத்து டாக்டர் ஒருவர் கழற்றி மாட்டும் கிளிப் செய்து கொடுத்தார். அண்ணத்தில் ஒட்டும் ரோஸ் நிறத் தகடு, முன்பற்களை இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி.

"சாப்பிடறப்போ, பல் தேய்க்கறப்போ மட்டும் கழட்டு. ஒரு ராத்திரி போடாம விட்டாலும் பல்லு பழைய இடத்துக்கே போயிடும்" என்று பயமுறுத்தி அனுப்பினார். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அந்தப் பட்டப்பெயரோடு பத்தாம் வகுப்புக்குப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்று நிஜமாகவே நினைத்திருந்தேன்.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். ஸ்பேனர், திருப்புளி, அரிவாள்மணை, தையல் மெஷின் என்று வீட்டில் இரும்பாக எது இருந்தாலும் அதற்குச் சந்தனம், குங்குமம் உண்டு. நான் சாப்பிட்டுவிட்டு வந்து, கிளிப் வைக்கும் சோப்பு டப்பாவைத் திறந்தால் காலி. கிளிப், கட்டிங் பிளேயருக்கும் ரம்பத்துக்கும் நடுவே, சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது. கம்பி முழுக்கச் சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம்.

"அப்பா, அது என் கிளிப்பு!"

"அதுவும் வேலை செய்யுற சாமான்தானட்டி? ஒன் பல்லை அதுதான இழுக்கு?" (அப்பா ஆவடிக்கு வந்து வருஷக்கணக்காகியும் அவருடைய திருநெல்வேலித் தமிழுக்கு மட்டும் இடமாற்றம் கிடைக்கவில்லை.)

"நான் போடணும்ப்பா."

"சாமிகிட்ட வச்சதை எடுக்கலாமா? நாளைக்குக் காலைல பூசை போட்டுத்தான் எடுக்கணும். ஒரு ராத்திரில பல்லு எங்க ஓடிரப் போகுது?"

எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். மத்தியானமே பற்கள் கிளம்பிவிட்டதை நாக்கால் தடவித் தடவி உறுதிசெய்துகொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் சைக்கிளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் கிளிப்பை எடுத்தேன். கழுவ வேண்டுமென்றால் அம்மாவைத் தாண்டிக் குழாயடிக்குப் போக வேண்டும். அதனால் அப்படியே வாயில் மாட்டினேன்.

குங்குமம் அவ்வளவு கசக்கும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நாக்கு தானாக வெளியே வந்தது. கடைவாயில் சிவப்பாக வழிந்தது. உடம்பு ஒரு உதறு உதறியது. தலைக்குக் குளித்து விரித்துவிட்ட முடி வேறு. சரியாக அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா சுண்டலுக்குக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"யக்கா, ஓடியா! உன் பொண்ணு மேல ஆத்தா வந்துகீறா!"

பிளாக்கே திரண்டது. வேப்பிலை வந்தது. மஞ்சள் தண்ணீர் என் தலையில் இறங்கியது. விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்; இன்னும் கொஞ்சம் சிவப்பு வெளியே வந்தது. மூன்றாவது வீட்டு மதுரைக்காரம்மா குலவையே போட்டுவிட்டார். அப்பா மட்டும் கட்டிங் பிளேயருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. இனி மானம் போகாமல் காப்பாற்ற ஒரே வழிதான் என்று முடிவு செய்தவர்போல, என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கன்னியம்மா அக்கா கற்பூரத் தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "ஆத்தா, எங்கூட்டுக்காரு எத்தினியோ வருசமா அதே போஸ்ட்லயே கீறாரு. இந்த வாட்டியாவது பிரமோஷன் வருமா?"

சூடு தாங்கவில்லை. தலையை முன்னும் பின்னும் ஆட்டினேன்.

"சொல்ட்டா! ஆத்தா சொல்ட்டா!"

தை மாசத்துக்குள் அந்த மனுஷருக்குப் பிரமோஷன் வந்து தொலைத்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் வாசலில் கற்பூரத் தட்டுகளோடு வரிசை நின்றது. நான் கொல்லைப்புறமாக ஓடி, தோழி வீட்டில் பொரி தின்றுகொண்டிருந்தேன்.

பற்கள் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தன. அழகாகவே போயிருந்தன. டாக்டரின் கைவண்ணம்; ஆனால் அந்தப் பெயரும் புகழும் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்றும் ஏதாவது கல்யாண மண்டபத்தில் கன்னியம்மா அக்கா கண்ணில் பட்டால், என் தாடையைப் பிடித்துப் பக்கத்தில் இருப்பவர்கள் பக்கம் திருப்புகிறார்.

"இத்தப் பாரு, ஆத்தா வந்து குந்துன வாயி. போறப்போ பல்ல எப்டி வரிசையா வெச்சிட்டுப் போய்கீறா பாரு."

நானும் மரியாதையாக ஈ என்று காட்டுகிறேன். இருவராவது கும்பிடுகிறார்கள்.