சங்கக்கடைப் பலகையில் ஒன்பதாம் பெட்டி

சம்மாந்துறை,
30.07.2009, வியாழன்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அப்துல் ஸமட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை நாச்சியாவும் மகள் பஸ்லியாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கடல் அடித்த நாள் முதல் நாலரை வருடமாக நாங்கள் குடியிருக்கும், நீங்கள் பிறந்த இந்த வீடும் சுகம். முற்றத்து மாமரம் இந்த வருடம் காய்த்துக் கொட்டி இரண்டு ஓட்டை உடைத்திருக்கிறது. தெஹிவளையில் நீங்களும் மதினியும் மருமகன் அஸ்பாக்கும், நீங்கள் நடத்தும் கொம்பியூட்டர் வகுப்பும் அவ்வாறே சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

நிற்க, உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பஸ்லியா எழுதி இணையத்தில் போட்டிருக்கும் மென்பொருள் வழிகாட்டியை உடனே எடுத்துவிட்டு உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், குடும்பத்துச் சொத்தை ஊருக்குத் திறந்துவிடுவது புத்தியில்லாத வேலை, அஸ்பாக்குக்கும் அவளுக்கும் பேசிவைத்த கலியாணத்தையும் இதையும் சேர்த்தே யோசிக்கவும் என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்தேன். எடுக்க முடியாது. முப்பது வருடம் வட்டவிதானையாக, ஊர் வாயில் 'வட்டான'யாக இருந்து நானூறு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டவன் நான். மதகுத் திறப்புச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொந்தக்காரனுக்கு மட்டும் திறந்துவிட்டான் என்று ஒருவன் என்னைச் சொல்லட்டும் பார்ப்போம்.

அது என்ன வழிகாட்டி என்று கொழும்புப் பக்கம் வகுப்பு நடத்தும் உங்களுக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரே தலையிடி திரும்பத் திரும்ப வருமாம். அந்தந்தத் தலையிடிக்குக் கெட்டிக்காரர்கள் ஏற்கெனவே கண்டு வைத்த வழிகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன, அவற்றுக்கு 'மாதிரி' என்று பெயர். வழிகளைச் சொல்லப் புத்தகம் உண்டு. எந்தத் தலையிடிக்கு எந்த வழி என்று தமிழில் சொல்ல ஆளில்லை. பஸ்லியா இதில் அடிபட்டவள். சுனாமி வீட்டுத் திட்டக் காரியாலயத்துக்கு அவள் எழுதிய மென்பொருள், உதவி கொடுக்கிறவர்கள் விண்ணப்பப் படிவத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் படுத்துவிடும். அவர்களோ இடுப்புச் சாரம் மாற்றுவதுபோல் படிவத்தை மாற்றினார்கள். அழுதாள், படித்தாள், கடைசியில் பதினாறு பக்கத்தில் கேள்வி கேள்வியாக எழுதிவிட்டாள். ஓம் என்றால் இடப்பக்க அம்பு, இல்லை என்றால் வலப்பக்க அம்பு, போய்ச் சேரும் பெட்டியில் உங்களுக்குப் பொருத்தமான மாதிரி. ஒரு மாற்றம் நடந்தால் காத்திருக்கும் எல்லாருக்கும் தானாகச் செய்தி போக வேண்டுமா என்ற கேள்விக்கு அவள் கொடுத்த உதாரணம் என்ன தெரியுமா? மதகு திறந்ததா என்று விவசாயிகள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்க்காமல், திறந்த உடனே வட்டவிதானை எல்லாருக்கும் ஆள் அனுப்புவது. ஏழாம் பக்கம். என் பெயரைப் போடவில்லை, மறந்திருப்பாள்.

இணையத்தில் இருந்தால் மட்டும் ஊருக்கு எப்படித் தெரியும்? அதனால் போன மாதம் அம்புக்குறிப் படத்தை மட்டும் கதவளவு தாளில் அச்சடித்து, தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் 'மீராமுகைதீன் வட்டவிதானையின் மகள் பஸ்லியா' என்று போடுவித்து, சுருட்டிக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினேன். யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொன்னாலும் சோதனைச் சாவடி நின்ற இடத்தில்தான் நிற்கிறது. இறக்கினார்கள், விரிக்கச் சொன்னார்கள். கதவளவு தமிழ்த் தாள், முழுக்க அம்பும் பெட்டியும். போர் வரைபடம் என்று நினைத்துவிட்டால் என் கதி என்ன? எனக்குத் தெரிந்த சிங்களத்தில் 'என் மகள்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் வந்த ஒருவர் விளங்கப்படுத்த, ஒரு இளம் சிப்பாய் ஒவ்வொரு அம்பாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் தம்பியும் கொம்பியூட்டர் படிக்கிறானாம், இது ஏன் சிங்களத்தில் இல்லை என்று என்னோடு கோபித்துக்கொண்டார். பஸ்லியா இப்போது அதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

தாளைக் கொண்டுபோய்க் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் உள்ள பலகையில் ஒட்டினேன். அங்கேதான் காரியம் பிசகியது. கடல் அடித்த நாளிலிருந்து அந்தப் பலகையில் ஒட்டியதெல்லாம் பெயர்ப் பட்டியல்தானே மச்சான்: கூடாரப் பட்டியல், தோணிப் பட்டியல், தையல் மெஷின் பட்டியல், வீட்டுப் பட்டியல். பசை காயுமுன் அடையாள அட்டைப் பிரதியோடும் குடும்ப அட்டையோடும் வரிசை முளைத்துவிட்டது. பெயர் ஒன்றும் இல்லை என்று கண்டதும், அங்கே இருந்த கேள்விகளைத் தங்களுக்குத் தாங்களே கேட்டு அம்பு வழியே நடக்கத் தொடங்கினார்கள். ஒருவர் நாலாம் பெட்டியில் விழுந்தார்; பெட்டி சின்னதாக இருக்கிறதென்று திரும்பிப் போய் 'இல்லை'யை 'ஓம்' ஆக்கிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனார். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருக்கும் சுபைறா என் சட்டையைப் பிடிக்காத குறை.

"வட்டான, நான் ஓம், இல்ல, ஓமெண்டு போய் ஒம்பதாம் பெட்டியில நிக்கிறன். ஒம்பதுக்கு என்ன தருவீங்க?"

"இது கொம்பியூட்டர் விசயம் தங்கச்சி, ஒண்டும் தாறதில்ல."

"அப்ப எதுக்கு ஒட்டினீங்க? அஞ்சு வருசமா வீட்டுப் பட்டியல்ல என்ட பேரு ஏன் வரல்லயெண்டு ஒருத்தரும் செல்லல்ல. இதுல ஏன் ஒம்பதெண்டாவது வெளங்குது."

பஸ்லியாவுக்குப் போனில் கோல் எடுத்தேன். வந்தால் என்னை ஏசுவாள் என்றுதான் பயந்தேன். அவளோ சுபைறாவைக் கடைப் படியில் இருத்திப் பத்து நிமிடம் கதைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "வாப்பா, கொம்பியூட்டரக் கண்ணால காணாத ஆக்கள் பெட்டி வரைக்கும் பிசகாமப் போயிருக்காங்க. அப்ப என்ட கேள்வியள் சரி" என்றாள். அதோடு விடவில்லை. வீட்டுத் திட்ட விதிகளையும் இப்படியே அம்பு போட்டு ஒட்ட வேண்டும் என்று வீடு பங்கிடும் ஊர்க் குழுவிடம் கேட்டாள். குழுவில் நானும் ஒருவன். மற்றவர்கள் இழுத்தார்கள், நான்தான் மேசையில் அடித்து ஓம் சொல்ல வைத்தேன். ஒளிக்க நமக்கு என்ன இருக்கிறது? நாளை ஜும்ஆ முடிந்ததும் ஒட்டுகிறோம். முதல் ஆளாக என் விண்ணப்பத்தையே எடுத்து ஊருக்கு நடந்து காட்டப்போகிறேன்.

ஆகவே கலியாணத்தைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். மகளுக்கென்று கடற்கரையில் நான் கட்டி, கூரை போடுமுன் கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகத் திட்டத்தில் நாற்பத்தோராம் இலக்க வீடு என் பெயருக்கு விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு கைக்கு வருகிறது. வழிகாட்டியும் திறந்தபடி இருக்கும், மருமகனுக்கு வீடும் இருக்கும். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று அஸ்பாக் இப்போதே யோசிக்கலாம்.

மதினிக்கு என் சலாம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் என் சலாத்தைச் சொல்லுங்கள். அவர்களும் அந்த வழிகாட்டியைத் தாராளமாக வாசிக்கலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். அல்லாஹ் உங்கள் ஆயுளிலும் தொழிலிலும் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
மீராமுகைதீன்
(ஏழாம் பக்கத்து வட்டவிதானை)

பி.கு. (சனிக்கிழமை): கடித உறையை ஒட்டுமுன் ஒரு விசயம். நேற்று நூறு பேருக்கு முன்னால் முதல் கேள்வியில் விரலை வைத்தேன். கடலால் வீடு இழந்தவரா? ஓம். இரண்டாம் கேள்வி, 'உமக்கோ உமது மனைவிக்கோ வேறு வீடு உண்டா?' விரல் அங்கேயே நின்றுவிட்டது. விண்ணப்பத்தில் 'உமக்கு வேறு வீடு உண்டா' என்றுதான் கேட்டிருந்தார்கள், இல்லை என்று எழுதினேன், அது பொய்யில்லை. நம் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். எந்த ஆம்பிளைக்கு மச்சான் வீடு இருக்கிறது? ஆனால் நீங்கள் பிறந்த வீட்டை உங்கள் உம்மா யாருக்குச் சீதனமாக எழுதினார் என்று ஊருக்கே தெரியும். எனக்குப் பின்னால் வந்த ஏழு ஆம்பிளைகளின் விரலும் அதே இடத்தில் நின்றது. விதிப் புத்தகத்தில் 'குடும்பத்துக்கு' என்று இருந்ததைத்தான் பஸ்லியா விளங்கும்படி எழுதியிருக்கிறாள். "ஒனக்கு முதல்லயே தெரியுமா மகள்?" என்று கேட்டேன். "தெரியும் வாப்பா. நீங்களாப் பாத்துச் செல்லோணும் எண்டு இருந்தன்" என்றாள். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கோபம்தான். சோற்றில் கை வைத்தபோது இப்படி ஒரு பிள்ளை வேறு எவனுக்கு இருக்கிறது என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. கறி உறைப்பு என்று நாச்சியா நினைத்துக்கொண்டாள். ஆகவே மேலே வீடு, திறப்பு, கட்டில் என்று நான் எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டு வாசியுங்கள். மருமகனுக்குக் கொடுக்க வீடு இல்லை, கலியாணத்தை யோசித்து எழுதுங்கள். வழிகாட்டி எடுக்கப்படாது. அம்பு வழியே போனதில் நாற்பத்தோராம் வீடு சுபைறாவுக்குப் போகிறது. இன்று காலை பிள்ளைகள் மூன்றையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்று, "வட்டான, வீடு கெடச்சது அந்த ஒம்பதாம் பெட்டிக்குத்தானே?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.