செம்பாக்கம் ஏரிக்கு மேலே ஒரு விமானம்

"நாலு மணிக்கு நம்ம மிருதுளாவைப் பொண்ணு பார்க்க அவா வந்துடுவா. அதை நிறுத்திட்டு எழுந்திருங்கோ!" என்றாள் சுப்ரஜா.

"நடுக்கடல்ல எங்கே நிறுத்தறது?" என்றார் லக்ஷ்மிநாராயணன், ஹெட்போனைக் கழற்றாமல்.

போர்ட் பிளேரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு வந்துகொண்டிருந்தார் அவர். செம்பாக்கம் வீட்டுப் படுக்கையறையில், விமானம் ஓட்டும் விளையாட்டு ஓடும் மூன்று கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால், நாலு முழ வேட்டியில். கீழே வங்கக்கடல் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தது. மேகங்கள் சிரமப்படாமல் நகர்ந்தன. வாரமெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்து இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படிக்கிற மனுஷருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் இந்த நீலம் வேண்டியிருந்தது. நிஜ விமானத்தில் அவர் ஏறியது ஒரே தடவை. அதிலும் நடு சீட்.

"வரப்போற பையன் நிஜ பைலட். இந்த விளையாட்டுச் சாமானைப் பார்த்தா சிரிப்பான். மிருதுளா ரொம்ப ஆசையா இருக்கா, கெடுத்துடாதீங்கோ!"

அது சுருக்கென்றது. மாப்பிள்ளைப் பையன் ஹர்ஷா பைலட் என்று தரகர் சொன்னதிலிருந்து, மகளைவிட அவர்தான் அதிகமாகக் கனவு கண்டுகொண்டிருந்தார். மாப்பிள்ளையும் அவருமாக மொட்டைமாடியில் நின்று மேகங்களைப் பற்றிப் பேசுவது போல.

அழைப்பு மணி அடித்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்!

கீழே இறங்கும்படி ஆட்டோபைலட்டுக்கு ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிட்டு, ஹெட்போனை வயரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஓடினார்.

ஹர்ஷா அடக்கமாக உட்கார்ந்திருந்தான். மிருதுளா அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம். அவனுடைய அப்பா கேசரித் தட்டைக் கையில் வாங்கியதும் உலகத்தை மறந்தார். அம்மாதான் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உள்ளே என்ன சத்தம்? உர்ர்னு?"

"கிரைண்டர். மாவு அரையறது."

"பெட்ரூம்லயா?"

"எங்க அடுக்களை சின்னது" என்றாள் சுப்ரஜா, கணவரை முறைத்தபடி.

அப்போது உள்ளேயிருந்து கணீரென்று விமானத்தின் எச்சரிக்கைக் குரல்: "டூ லோ! டூ லோ!"

"யாரோ பேசறாளே?"

"என் அத்தை" என்றார் லக்ஷ்மிநாராயணன். "இங்கிலீஷ் டீச்சரா இருந்தவர்."

"லோங்கறாரே, என்ன லோ?"

"பிரஷர்."

"பகவானே! லோ பிரஷர்காரியைத் தனியா விட்டுட்டா கேசரி சாப்பிடறோம்?" அந்த நல்ல மனுஷி எழுந்து போய்க் கதவைத் திறந்தேவிட்டாள்.

உள்ளே அத்தை இல்லை. ஆகாயம் இருந்தது.

மூன்று திரைகளிலும் மஞ்சள் வெயில். கீழே செம்பாக்கம் ஏரி துலக்கிவைத்த தாம்பாளமாக மின்னியது. அதற்கப்பால் தாம்பரத்துத் தண்டவாளங்கள் இழை இழையாய். ஹர்ஷாவின் அப்பாவைத் தவிர எல்லோரும் அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம ஊரா இது?" என்றாள் ஹர்ஷாவின் அம்மா, மெதுவாக.

லக்ஷ்மிநாராயணன் பாய்ந்து விமானத்தின் மூக்கைத் தூக்கினார். காது மடல் சிவந்துவிட்டது. "நிஜ பைலட்டுகளே வீட்டுல இதுலதான் பழகறாளாம்" என்றார் தரையைப் பார்த்து. யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தைரியத்தில் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை, நீங்களே இறக்குங்கோ. அதைப் பார்த்துட்டா எனக்கு வேற ஆசையே இல்லை."

"அங்கிள், நான் வந்து..."

"கூச்சப்படப்படாது!"

"ப்ளீஸ்" என்றாள் மிருதுளா. முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவனால் என்ன செய்ய முடியும்? உட்கார்ந்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் விமானத்தை ஏற்றி இறக்கும் கட்டைப் பிடியை இரண்டு கையாலும் பற்றினான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினான்.

ஏரி மேலே எழும்பி வந்தது. அவசரமில்லாமல், கனவில் வருவதுபோல, ஆகாயத்தை ஓரம் ஓரமாக விழுங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் மூன்று திரைகளிலும் பச்சைத் தண்ணீர் மட்டும் ததும்பி நின்றது.

"பரவாயில்லை" என்றார் லக்ஷ்மிநாராயணன். "நீங்க ஓட்டற பிளேன் வேற மாடலா இருக்கும்."

ஹர்ஷா கட்டைப் பிடியை இன்னும் விடவில்லை. கேசரியை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்த அவனுடைய அப்பா, தண்ணீரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு எல்லோரையும் பார்த்தார்.

"பிளேனா? ஏணியில ஏறினாலே இவனுக்குத் தலை சுத்துமே! தரகர்கிட்ட நான் சொன்னது, பையன் கம்பெனியில ஏதோ சோதனை முயற்சியாம், பைலட் ப்ராஜெக்ட்ல இருக்கான்னு!"