சூரியன் கோபித்துக்கொண்ட ஊர்

கீழக்குயில்குடிக்கு மேற்கே ஓர் ஊரின் மேல் சூரிய பகவானுக்குக் கோபம் என்ற செய்தி திருப்பரங்குன்றம் டீக்கடைகள் வரை பரவிவிட்டது. கோபத்தைத் தணிக்க வந்த ஆதித்ய சித்தரைத் தரிசிக்க, ஷேர் ஆட்டோக்களில் தொங்கிக்கொண்டு வந்தது கூட்டம்.

நடந்தது இதுதான். அந்த ஊர்ப் பொதுக்கிணற்றில் வெயிலில் ஓடும் பம்ப் இருக்கிறது. பன்னிரண்டு கண்ணாடிகள் வெயிலை ஒரு கொதிகலன் மேல் குவிக்கும். கிளம்பும் ஆவி பம்பை ஓட்டும். ஆயுத பூஜையன்று ஊரே கூடி, பன்னிரண்டு கண்ணாடிக்கும் விபூதிப் பட்டை அடித்து, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தது. மறுநாள் பம்ப் நின்றது.

"தெய்வக் குத்தம்" என்றார் பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டிச்சாமி. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

சித்தர் வந்தார். கண்ணாடிகளுக்கு அபிஷேகம் செய்து, பட்டுத்துணியால் துடைத்தார். பிறகு மந்திரம். பம்ப் ஓடியது! சாயங்காலம் புறப்படும்போது, 'காப்பு' என்று தன் கையாலேயே சந்தனம் பூசினார். மறுநாள் பம்ப் நின்றது. அடுத்த வாரம் மறுபடி சித்தர். வாரம் ஒரு சேவல், ஒரு மூட்டை நெல். சூரியனுக்கு நல்ல பசி.

நான்காவது வாரம் சூரியனுக்குத் தங்கத்தின் மேல் ஆசை வந்தது. சித்தர் பாண்டிச்செல்வியின் மூக்குத்தியைக் கேட்டார். மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ அனுப்பும் அவளது மல்லிகைத் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் பாயாவிட்டால் செடியெல்லாம் விறகு.

"தாரேன் சாமி. ஆனா இன்னைக்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க. கழுவுற வேலைய பெறகு நான் பாத்துக்கிறேன்."

"அபிஷேகம் இல்லாம மந்திரம் ஏறாது!"

"அம்புட்டு நோஞ்சான் மந்திரமா சாமி?"

கூட்டம் சிரித்துவிட்டது. சித்தர் ஒரு மணி நேரம் கத்தினார். வியர்வைதான் ஓடியது, பம்ப் ஓடவில்லை.

பாண்டிச்செல்வி சேலையை இழுத்துச் செருகினாள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி. துடைக்க ஆரம்பித்தாள்.

"மந்திரம் சொல்லாமயா தொடுற?" ஆண்டிச்சாமி பதறினார்.

"சொல்றேண்ணே" என்றவள், டவுன்பஸ் கண்டக்டர் குரலில் ஆரம்பித்தாள்: "திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம், பெரியார்... எறங்குறவங்க முன்னாடி வாங்க!"

அரை மணியில் ஆவி சீறியது. தண்ணீர் கொட்டியது.

"மொத பூசுனது நாம. கழுவுனது இவரு. போகையில திரும்பப் பூசுனதும் இவருதான். கண்ணாடிய மறைச்சிட்டு வெயில் மேல பழி போட்டுட்டோம்" என்று அவள் திரும்பினால், சித்தர் சேவலைக்கூட விட்டுவிட்டு பைக்கில் போய்க்கொண்டிருந்தார்.

ஆண்டிச்சாமி தடாலென்று அவள் காலில் விழுந்தார். "ஆத்தா! உன் மேல எந்தச் சாமி எறங்கியிருக்கு?"

"எந்திரிண்ணே. அந்த ஓரத்துக் கண்ணாடி இன்னும் அழுக்கா இருக்கு."

காலில் விழ நமக்கு முதுகு எப்படியெல்லாமோ வளைகிறது. நிமிர்ந்து நின்று 'ஏன்?' என்று கேட்கும்போதுதான் வலிக்கிறது.