கைதக்கரியில் நடைமாதம்

கைதக்கரி மக்கள் நடப்பதில்லை. அதனால்தான் அவர்களுக்கு நோய் வருகிறது. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் சுகாதார ஆய்வாளர் பிரபுல்லசந்திரன். கண்டுபிடித்த இடம் ஆலப்புழையில், மின்விசிறிக்குக் கீழே. அதை மக்களிடம் எடுத்துச் சொல்ல அவர் மோட்டார் படகில் வந்தார். கைதக்கரிக்கு வேறு வழி கிடையாது.

நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு வரப்பு, வரப்பின்மேல் வரிசையாக வீடுகள். ஊர் அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்கவே சிலர் தோணியை அவிழ்ப்பார்கள்.

"பெருமதிப்பிற்குரிய பொதுமக்களே!" என்று நூலகக் கூடத்தில் ஆய்வாளர் ஆரம்பித்தார். "நோய் என்பது வெளியிலிருந்து வருவதல்ல. நம்முடைய பழக்கவழக்கத்திலிருந்து வருவது. ஆகவே, இந்த மாதம் நடைமாதமாக அனுசரிக்கப்படும் என்பதைப் பேருவகையுடன் அறிவிக்கிறேன்."

கடைசி பெஞ்சில் இருந்த தேவசியா எழுந்தார். வாத்து வளர்ப்பவர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"சாரே, ஒரு சந்தேகம்."

"நடக்கறதைப் பத்தியா?"

"நடக்க முடியாததைப் பத்தி."

தேவசியாவின் மனைவி தெய்யாம்மாவுக்குச் சர்க்கரை. குதிகாலில் ஒரு புண், ஆறுவேனா என்று இருந்தது. செவ்வாய்தோறும் அரசாங்க மருந்துப் படகு ஊர்த்துறைக்கு வரும். படகு சிஸ்டர் புண்ணைக் கழுவிக் கட்டிவிடுவார். மழைக்குப் பிறகு வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. இப்போது படகு வாய்க்கால் முகத்தில் நின்று ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

"அதை எடுத்துட்டா படகு வரும் சாரே. படகு வந்தா புண்ணு ஆறும்."

ஆய்வாளர் கனிவோடு சிரித்தார். "அது சுற்றுச்சூழல். நான் பேசறது பழக்கவழக்கம். ரெண்டுக்கும் நிதி வேற வேற. போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

கூட்டம் கைதட்டியது. எதற்கு என்று தேவசியாவுக்குப் புரியவில்லை. எல்லோரும் தட்டியதால் தானும் தட்டினார்.

மறுநாள் வார்டு மெம்பர் லீலாமணியிடம் போனார். மெம்பர் புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டே நிலைமையை விளக்கினார்.

"வேர் தண்ணிக்குள்ள இருக்கா? அது நீர்ப்பாசனத் துறை. இலை வேளாண்மைத் துறை. ஊதாப் பூ பூக்குது பாருங்க, அதை வெளியூர்க்காரங்க போட்டோ எடுக்கறாங்க, அதனால பூ சுற்றுலாத் துறை."

"அதுக்குள்ள இருக்கற கொசு மெம்பரே?"

"அது சுகாதாரத் துறை. ஆனா வெளியில வந்து யாரையாவது கடிக்கணும். அதுவரைக்கும் அது யாருக்கும் சொந்தமில்ல."

"அப்ப நாங்களே வெட்டிடலாமா?"

"தாராளமா வெட்டுங்க! மக்கள் பங்கேற்புன்னு நான் வந்து போட்டோவுல நிக்கறேன்."

தேவசியா வீடு வீடாகப் போனார். இட்டிராவுக்கு முதுகுவலி. கோழிக் கழிவுப் பையை வாய்க்காலில் வீசியெறிந்துவிட்டு, "குனிய முடியல தேவசியா. ஆமா, இந்தப் பஞ்சாயத்து என்னதான் பண்ணுது?" என்று கேட்டார். வாசவனுக்கு எலிக்காய்ச்சல் பயம். "அந்தத் தண்ணியில இறங்கறதா? எலி மூத்திரம் பூரா அதுலதான் இருக்கு" என்றார். சொல்லும்போது அதே தண்ணீரில் இடுப்பளவு நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் தேவசியாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. தன் வாத்துப்பட்டியின் கழிவும் அந்த வாய்க்காலுக்குத்தானே போகிறது? ஆகாயத்தாமரை அதைத் தின்றுதானே கொழுக்கிறது? கொஞ்ச தூரம் அந்த நினைப்போடு தோணியைத் துழாவினார். பிறகு, வாத்து இயற்கையைச் சேர்ந்தது என்று முடிவு செய்துகொண்டார்.

நடைமாதம் கோலாகலமாகத் தொடங்கியது. ஊரில் வெள்ளை ஷூ வாங்காத வீடில்லை. சேறு பட்டுவிடும் என்பதால் எல்லோரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள்.

வரப்பில் ஒரு ஆள்தான் போகலாம். முதல் நாளே கிழக்கிலிருந்து வந்த கட்சிக்காரரும் மேற்கிலிருந்து வந்த எதிர்க்கட்சிக்காரரும் நடுவில் சந்தித்தார்கள். யார் ஒதுங்குவது என்பது கொள்கைப் பிரச்சினையானது. பின்னால் ஊரே வரிசையில் நின்றது. உடனடியாகப் போக்குவரத்து உபகமிட்டி அமைக்கப்பட்டு, காலையில் எல்லோரும் கிழக்கே மட்டும், மாலையில் மேற்கே மட்டும் நடக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. காலையில் கிழக்கே போனவர்கள் மாலை வரை வீடு திரும்ப முடியாது. வரப்பின் கிழக்கு முனையில் இருந்தது கள்ளுக்கடை.

'பொதுமக்கள் நடைப்பயிற்சியில் காட்டும் ஆர்வம் நாளுக்கு நாள் பெருகி வருகிறது' என்று ஆய்வாளர் மேலிடத்துக்கு எழுதினார்.

நடக்காத ஒரே ஆள் தெய்யாம்மா. ஆய்வாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சேச்சி ஏன் நடக்கறதில்ல?"

"குதிகால்ல புண்ணு சாரே."

"புண்ணு ஏன் ஆறல?"

"சர்க்கரை."

"சர்க்கரை ஏன் வந்தது? நடக்காததால. ஆக, புண்ணுக்கு மருந்து எது?"

"நடந்தா புண்ணு பெரிசாகுதே சாரே."

"அது ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்." கொஞ்சம் யோசித்து அவரே இறங்கி வந்தார். "சரி, உங்களுக்காக விதியைத் தளர்த்தறேன். நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு கையை மட்டும் முன்னும் பின்னும் வீசுங்க. உட்கார்ந்த நடைன்னு கணக்குல சேர்த்துக்கறேன்."

தெய்யாம்மா கணவன் பக்கம் திரும்பினாள். "அச்சாயா, கை வீசறதுன்னு ஆயிடுச்சு. நாளைக்கு வாத்துங்களைத் தண்ணியில விடும்போது என்னையும் சேர்த்து விட்டுடுங்க. நீந்தியே மருந்துப் படகுக்குப் போய்ச் சேர்ந்துடறேன்."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. நீச்சல் அடுத்த மாதத் திட்டத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஹாரன் கேட்டதும் தேவசியா மனைவியைத் தோணியில் ஏற்றித் துழாவினார். பாதி வாய்க்காலில் தோணி ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எதிரே, கூப்பிடு தூரத்தில், மருந்துப் படகு. அதன் விளிம்பில் சிஸ்டர் அன்னக்குட்டி.

"சிஸ்டரே, ஒரு சின்னத் தோணியில இந்தப் பக்கம் வந்துட மாட்டீங்களா?"

"படகை விட்டு இறங்கினா நான் கரைப் பிரிவு ஆயிடுவேன் சேட்டா! அதுக்குத் தனி சிஸ்டர். அந்த வேலைக்கு இன்னும் ஆள் போடல. சேச்சி, காலைத் தூக்கிக் காட்டுங்க!"

தெய்யாம்மா தோணியில் மல்லாந்து காலைத் தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் மேல! ஆ... நல்லா இல்லியே. உடனே கட்டணும். இந்தாங்க!"

சிஸ்டர் பஞ்சும் மருந்தும் கட்டிய பொட்டலத்தை வீசினார். அது ஆகாயத்தாமரை நடுவில் விழுந்தது. ஒரு நீர்க்கோழி வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தது. சிகிச்சை அளிக்கப்பட்டதாகக் குறித்துக்கொண்டு படகு திரும்பியது.

அன்று கட்டு மாற்றும்போது புண்ணின் ஓரம் கறுத்திருந்ததை தேவசியா பார்த்தார். பழைய வேட்டியைக் கிழித்துப் புதுக்கட்டுப் போட்டார்.

அந்த வாரம்தான் வள்ளங்களிப் படகுப் போட்டி பற்றிய செய்தி வந்தது. இந்த வருடம் கைதக்கரி கிளப்புக்கு ஒரு சுண்டன் வள்ளம் வாடகைக்குக் கிடைத்திருந்தது. பாம்பு மாதிரி நீண்டு, நூறு பேர் உட்கார்ந்து துழாவுகிற படகு. எதிரி, பக்கத்து ஊரான புளிஞ்சிறை. கிளப் தலைவர் பொன்னப்பன் வரப்பில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"கைதக்கரிக்காரன் வள்ளத்தை வரப்புல வச்சுத்தான் துழாவணும்னு புளிஞ்சிறைக்காரன் பேசறான்!"

மறுநாள் விடியுமுன் ஊரே வாய்க்காலில் இருந்தது, அரிவாளும் கையுமாக. இட்டிராவின் முதுகு நாணல் மாதிரி வளைந்து வளைந்து நிமிர்ந்தது. வாசவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று, வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, மேலும் வெட்டினார். எந்தத் துறை என்று யாரும் கேட்கவில்லை. லீலாமணி மெம்பர் வந்து போட்டோவில் நின்றார். மத்தியானத்துக்குள் வாய்க்கால் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

தேவசியா கரையில் நின்று பார்த்தார். சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

"முதுகுவலின்னியே இட்டிரா?"

"ஊர் மானம் தேவசியா!"

"தெய்யாம்மா காலு?"

"அதுவும் நம்ம ஊர்க் காலுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தக் காலைப் பத்திப் புளிஞ்சிறைக்காரன் ஒண்ணும் பேசலியே?"

பதில் யோசிப்பதற்குள் பொன்னப்பன் தோளில் கை போட்டார். "தேவசியா, உனக்கு வள்ளத்துல முன்வரிசை. உன் கையில நல்ல வலு இருக்கு."

முன்வரிசை! அவருடைய அப்பா கடைசிவரை பின்வரிசையில் இருந்தே செத்தவர். கோபம் எங்கே போயிற்று என்று தேவசியா தேடிப் பார்த்தார். அங்கே இல்லை. போகட்டும், எதற்காக வெட்டினால் என்ன, வாய்க்கால் திறந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை படகு வரும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை புளிஞ்சிறை வள்ளமும் வந்தது, வெள்ளோட்டத்துக்கு. கரையெல்லாம் கூட்டம். வெள்ளை ஷூக்களைக் கையில் பிடித்து ஆட்டினார்கள். தெய்யாம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்து துறையில் உட்கார வைத்திருந்தார்கள். காலில் கட்டியிருந்தது கிளப்பின் மஞ்சள் துணி.

விசில் ஒலித்தது. இரண்டு வள்ளங்களும் பக்கம் பக்கமாகப் பறந்தன. பாதி தூரத்தில் எதிரே ஹாரன் கேட்டது. மருந்துப் படகு, மழைக்குப் பிறகு முதல் முறையாக, வாய்க்காலுக்குள் கம்பீரமாக நுழைந்துகொண்டிருந்தது.

"கைதக்கரி! நிறுத்துங்க! ஓரம் கொடுங்க!" என்று சிஸ்டர் அன்னக்குட்டி கத்தினார்.

"நிறுத்தாதே!" என்று பொன்னப்பன் கத்தினார். "யாராவது துடுப்பைக் கீழ வச்சீங்க, அவ்வளவுதான்!"

முன்வரிசையில் இருந்த தேவசியாவுக்குப் படகு நன்றாகத் தெரிந்தது. பஞ்சுச் சுருள் தெரிந்தது. சிஸ்டரின் முகம் தெரிந்தது. தான் ஒருவன் துடுப்பை வைத்தால் தாளம் குலையும், வள்ளம் திரும்பும், படகு துறைக்குப் போகும். கைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கை துழாவியது. புளிஞ்சிறை வள்ளத்தின் மூக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

"திரும்பிப் போங்க!" என்று யாரோ ஓங்கிக் கத்தினார்கள். அது தன்னுடைய குரல் என்று அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

படகு பின்வாங்கிப் பின்வாங்கி வாய்க்காலை விட்டு வெளியேறியது. 'கைதக்கரியில் சிகிச்சைக்கு எவரும் வரவில்லை. மொத்த ஊரும் தீவிர உடற்பயிற்சியில் ஈடுபட்டிருந்ததை நேரில் காண முடிந்தது' என்று அறிக்கை போயிற்று. அதைப் படித்துப் பிரபுல்லசந்திரனுக்குக் கண் கலங்கியது. அவ்வளவு ஆரோக்கியமான ஊருக்குப் படகு எதற்கு என்று மேலிடம் கேட்டது நியாயம்தானே.

ஜெயித்த வள்ளத்திலிருந்து இறங்கி, நனைந்த முண்டோடு, தேவசியா துறையை நோக்கி நடந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் மஞ்சள் துணியைப் பார்த்தார். அதில் ஈரம் ஊறியிருந்தது.

"தெய்யாம்மா, அந்த மருந்துப் படகு..."

"பார்த்தேன். நடுவுல வந்து காரியத்தைக் கெடுத்துடப் போகுதேன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. நான்தான் இங்கேயிருந்து ரெண்டு கையையும் வீசி வீசிப் போகச் சொன்னேன்." அவள் நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். "அதை விடுங்க அச்சாயா. எத்தனை வள்ள நீளத்துல ஜெயிச்சோம்?"